மிஸி ஆக மூன்று வருஷம்

தாதித் தொழிலில் முதலில் தேய்வது சப்பாத்து, அடுத்தது கூச்சம்; மூன்றாவதாக எது தேயும் என்று எனக்கு இன்னும் தெரியாது, போன மாதம்தான் படித்து முடித்தேன்.

கல்லூரியில் விடைபெறும் நாளன்று எங்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்த மூன்று வருஷத்தில் மனதில் நின்ற அனுபவம் எது என்று இரண்டு நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் போன பதினொரு பேரும் "அர்ப்பணிப்பு" என்றார்கள். நானும் அதையே சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இறங்கி வந்து கதிரையில் இருந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சப்பாத்தோடு எட்டு மணித்தியாலம் நின்றவர்கள் யாராவது இதை வாசிப்பதாக இருந்தால், தயவுசெய்து காலை நீட்டி வைத்துக்கொண்டு வாசியுங்கள். மற்றவர்கள் எப்படி இருந்தும் வாசிக்கலாம்.

தோடம்பழமும் மனுஷனும்

ஊசி போட எங்களுக்குத் தோடம்பழத்தில்தான் பழக்கினார்கள். தோடம்பழம் நல்ல நோயாளி. கத்தாது, கையை இழுக்காது, "நீங்க புதுசா?" என்று கேட்காது. இரண்டு கிழமையில் எங்கள் தொகுதியே தோடம்பழத்தில் கைதேர்ந்துவிட்டது.

எனக்குக் கிடைத்த முதல் மனுஷன் சாய்ந்தமருதில் கடல் தொழில் செய்கிறவர். வலை இழுக்கும்போது காலில் திருக்கை முள் ஏறியிருந்தது. ஆறடி உயரம், தூண் மாதிரிக் கை. முள் ஏறிய காலோடு தானே மோட்டார் சைக்கிள் ஓடி வந்தவர். எங்கள் பக்கம் தாதியை மிஸி என்பார்கள், வார்டுக்குப் பொறுப்பானவரை நாங்கள் பெரிய மிஸி என்போம். அவர் எனக்குப் பின்னால் நின்றார். நான் புத்தகத்தில் படித்தபடி, "நானா, இப்ப ஏற்பு வராம இருக்க ஊசி ஒண்டு போடப் போறன், கொஞ்சம் நோகும், கையைத் தளர்த்தி வைங்க" என்று முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்து மருந்தை எடுத்துத் திரும்பினால் ஆள் கண் சொருகிக் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறார். ஊசி இன்னும் என் கையில்தான் இருந்தது.

தலையைப் பதித்து, காலை உயர்த்தி, தண்ணீர் தெளித்து எழுப்பினோம். இரண்டாம் தரம் கதை கொடுத்துக்கொண்டே போட்டு முடித்தேன். சாரனைச் சரிசெய்துகொண்டு எழும்பும்போது மெதுவாகச் சொன்னார்:

"மகள், ஊசி நோகவே இல்ல. நீங்க சொன்னதுதான் நொந்தது."

சிரிக்கச் சொன்ன மிஸி

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் வருவார்கள், அம்பாறைப் பக்கமிருந்து சிங்கள ஆட்களும் வருவார்கள். நோய்க்கு மொழி இல்லை என்று மேடையில் பேசலாம். வார்டில் நோயாளி என்ன சொல்கிறார் என்று விளங்காவிட்டால் மிஸிக்குத்தான் வியர்க்கும். என்னிடம் அப்போது இருந்தது கல்லூரியில் படிப்பித்த முப்பது நாற்பது சிங்களச் சொல்.

இரண்டாம் வருஷம் ஒரு சிங்கள அம்மா முட்டு வருத்தத்தோடு, மூச்சு இழுத்து இழுத்து வந்தார். மருந்தைப் புகையாக்கித் தரும் மெசினின் முகமூடியை வைத்தோம். பயத்தில் அவர் மூச்சை அள்ளி அள்ளி இழுத்தார். "மெதுவாக மூச்செடுங்க" என்று சொல்ல வேண்டும். மெதுவாக என்பதற்கு "ஹிமின்" என்பார்கள். அவசரத்தில் எனக்கு வாயில் வந்தது "ஹினாவெலா". கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் கண்டிப்பாக, மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அந்த அம்மா முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், தோள் குலுங்கியது. முட்டுக் கூடிவிட்டதென்று பதறிப் பெரிய மிஸியைக் கூப்பிட ஓடினேன். முட்டு இல்லை. சிரிப்பு. நான் அவரிடம் மூன்று தரமும் சொன்னது, "அம்மா, சிரிச்சு மூச்செடுங்க" என்று.

சிரித்த பிறகு பயம் போய்விட்டது, மூச்சும் மெல்ல ஒரு ஒழுங்குக்கு வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது, கூட்டிப் போக வந்த மகளுக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அட்டென்டன் அதைத் தமிழில் ஆக்கித் தந்தார்:

"மத்த மிஸிமார் மருந்து தாறாங்க. இந்த மிஸி கட்டளை போட்டுச் சிரிக்க வைக்கிறா."

மாமியின் செருப்பு

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மருத்துவ பீடத்துக்குப் போக ஆசைப்பட்டவள். இரண்டு தரம் சோதனை எழுதியும் புள்ளி போதவில்லை. தாதிக் கல்லூரிக்கு வந்த பிறகும் மூன்றாம் தரம் எழுதலாம் என்று ஒரு விண்ணப்பப் பத்திரம் எடுத்து, நிரப்பி, பெட்டிக்குள் வைத்திருந்தேன். உம்மாவுக்கும் அந்த ஆசை விட்டுப் போகவில்லை. உம்மா பொய் சொல்ல மாட்டா. "மகள் ஆஸ்பத்திரியில படிக்கிறா" என்று மட்டும் சொல்லுவா. மிச்சத்தைக் கேட்கிறவர்கள் தாங்களே டொக்டர் என்று நிரப்பிக்கொள்வார்கள். உம்மா திருத்தவும் மாட்டா.

லீவில் வந்திருந்த நேரம் குடும்பத்தில் ஒரு கலியாணம். நிந்தவூரிலிருந்து என் வாப்பாவின் தங்கச்சி, மாமி, வந்திருந்தா. சீனி வருத்தக்காரி. எல்லாரும் அத்தர் பூசி வந்த வீட்டில் மாமிக்குப் பக்கத்தில் மட்டும் வேறொரு வாசம் இருந்தது. வார்டில் நின்றவர்களுக்கு அந்த வாசம் தெரியும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தார்கள், மாமி மட்டும் கழற்றவில்லை. அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, "மாமி, காலைக் காட்டுங்க" என்றேன். "செருப்புக் கடிச்சது மகள், மஞ்சள் வச்சிரிக்கன்" என்றா. நான் தரையில் இருந்து காலை எடுத்து மடியில் வைத்தேன். சுண்டு விரல் கறுத்திருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. மாமிக்கு நோகவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

கொதித்தாறின தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கட்டினேன். கலியாணத்துக்கென்று தைத்த என் அபாயா நனைந்து போனது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன். மாமி அழுதா. "போனா காலை எடுத்திருவாங்க" என்றா. "போகாட்டித்தான் எடுப்பாங்க மாமி. நான் கூடவே நிப்பன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வாப்பாவைக் கூப்பிட்டு ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன். உம்மா, "சபையில மானம் போகுது, சாப்பிட்டுட்டுப் போங்களன்" என்றா. நாங்கள் சாப்பிடவில்லை.

சுண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. புண் ஆறும்வரை லீவு நாளெல்லாம் நானே போய் மருந்து கட்டினேன். அந்த ஓட்டத்தில் என் விண்ணப்பத்தின் முடிவுத் திகதி வந்து போனதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கவலை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த நாள் மாமியிடம் இதைச் சொன்னேன். மாமி கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"டொக்டரா இருந்திருந்தா நீ எனக்கு மருந்துத் துண்டுதான் எழுதித் தந்திருப்பாய். கலியாண உடுப்போட தரையில இருந்திருக்க மாட்டாய்."

கோமாரியிலிருந்து வந்தவர்

மூன்றாம் வருஷம் பிரசவ அறை. என் கூட்டாளி தர்ஷினியும் நானும் ஒரே நேரத்தில் நின்றோம். தர்ஷினி சொறிக்கல்முனைக்காரி. விடுதியிலும் என் அறைதான். எங்களிடம் வந்தது கோமாரியிலிருந்து ஒரு பெண், எங்கள் வயதுதான், முதல் பிள்ளை. காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு மத்தியானம் தாண்டியும் பிள்ளை பிறக்கவில்லை. அவருடைய கைக்கு ஏதாவது பிடிக்க வேண்டும். கட்டில் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு நோவுக்கும் நகம் இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை, எடுத்தால் அவர் எங்கே பிடிப்பார்?

பிள்ளை பிறந்தது. அழவில்லை. மிட்வைஃப் மிஸி பிள்ளையைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், சின்ன முகமூடியை வைத்துக் காற்றுக் கொடுத்தார். "என்ன மிஸி, ஏன் சத்தமில்ல?" என்று தாய் கேட்டார். "பாக்கிறாங்க, நல்லாப் பாக்கிறாங்க" என்று நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் எனக்கும் தெரியும். தர்ஷினி மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கன்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டும்போது ஒரு முனகல். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு வெளியே கூடத்தில் நின்ற புருஷனுக்கும் கேட்கிற மாதிரி ஒரு அழுகை.

பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வைத்தேன். முத்தம் கொடுத்தார், விரல்களை எண்ணினார், அழுதார். அதற்குப் பிறகு அவருடைய கண் என் கையில் பட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகக் கீறல், இரண்டு இடத்தில் இரத்தம்.

"ஐயோ மிஸி, எனக்குப் பிறகு பாக்கலாம், முதல்ல உங்கட கைக்கு மருந்து போடுங்க."

பன்னிரண்டு பேரும் ஒரு சோற்றுச் சட்டியும்

நம் ஆட்கள் நோய் பார்க்க வந்தால் நோயாளியையும் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஆள் வரும். கடைசி வருஷம் ஒரு பின்னேரம், அன்றிரவே ஒபரேசன் உள்ள ஒருவருக்கு டொக்டர் வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மணி நாலுக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், முன்னால் ஒரு பெரிய மனுஷன், பின்னால் துணி கட்டிய சோற்றுச் சட்டி. நான் வாசலில் நின்று, இரண்டு பேர் வரலாம், சாப்பாடு வர ஏலாது என்றேன். "நான் ஆரெண்டு தெரியுமா?" என்றார் பெரிய மனுஷன். "தெரியா ஹாஜியார். ஆனா உள்ளுக்கு இருக்கிறவருக்கு இண்டைக்கு இரவு ஒபரேசன் எண்டு தெரியும். வயித்தில சோறு இருந்தா மயக்கத்தில மூச்சுக் குழாய்க்குள்ள போகும்" என்றேன். முதல் வருஷமாக இருந்தால் பெரிய மிஸியைத் தேடி ஓடியிருப்பேன். இப்போது என் கால் அசையவில்லை. அவர் திரும்பி மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். அந்த நேரம் உள்ளே கட்டிலிலிருந்து நோயாளியின் குரல் வந்தது:

"மிஸி, ஹாஜியாரை வேணுமெண்டா நிப்பாட்டுங்க, சட்டியை மட்டும் உள்ள விடுங்க."

சொல்லிவிட்டுத் தொடுவது

காரைதீவில் வயல் செய்த ஒரு ஐயா எங்கள் வார்டில் இருபது நாளுக்கு மேல் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போயிருந்தது. கண் பார்வை குறைவு என்பதால் சொல்லாமல் தொட்டால் திடுக்கிடுவார், கோபமும் வரும். ஆகவே எல்லாவற்றையும் சொல்லித்தான் செய்வோம். "ஐயா, கையைத் தூக்கிறம்." "ஐயா, இப்ப திருப்பிறம்." ஒரு நாள் காலை எட்டு மணி போல, மகன் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் ஐயா கண்ணை மூடிவிட்டார். டொக்டர் வந்து பார்த்து எழுதினார். தர்ஷினியும் நானும் திரையை இழுத்துவிட்டு அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, மகன் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும். நான் பார்த்த முதல் மவுத்து அது. எனக்குக் கை ஓடவில்லை.

தர்ஷினி துணியை நனைத்துப் பிழிந்தாள். "ஐயா, முகத்தைத் துடைக்கிறம்" என்றாள், வழமையான அதே குரலில். "ஐயா, இப்ப கையைத் தூக்கிறம்." நானும் மற்றப் பக்கம் போய்க் கையைப் பிடித்தேன். "ஐயா, இப்ப திருப்பிறம்" என்று நானும் சொன்னேன். அப்படியே முழுவதையும் செய்து முடித்தோம். மகன் வந்து தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்து கை கழுவும்போது, ஐயாவுக்குக் கேட்குமென்று நினைத்தாயா என்று தர்ஷினியிடம் கேட்டேன். சோப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"கேக்குதோ இல்லையோ தெரியா. சொல்லாமத் தொட்டா அவருக்குப் பிடிக்காதுதானே."

இப்போது நியமனக் கடிதம் வரும்வரை வீட்டில் ஓய்வு என்று பெயர், ஆனால் தெருவில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிற இந்தக் கழுத்துக்கு மட்டும் ஒருவரும் லீவு தரவில்லை.