பிஸ்கட் டப்பாவுக்குப் பதிலாக ஒரு புரோகிராம்

“…அப்போ கம்ப்யூட்டருக்கும் என்னைப் புடிக்கல, அதான மாப்ள?” என்றார் என் மச்சான்.

தமிழ்ச் சங்க ஹாலில், கம்ப்யூட்டர் திரையில் கேரம் போட்டியின் முதல் சுற்று ஜோடிகள் வந்து நின்றன. அவர் பெயருக்கு எதிரே போன வருஷத்துச் சாம்பியனின் பெயர். இது வெறும் ஒத்திகைதான் என்று சொல்லி மறுபடி ஓட்டினேன். அதே சாம்பியன். இன்னொரு தரம் ஓட்டினேன். அப்போதும் அவரே.

“செட்டிங்! பக்கா செட்டிங்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் இன்னாபா பண்ணேன்? ஓரமா குந்தி டீ குடிச்சிக்கினு இருக்கேன்” என்றார் சாம்பியன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். புனே நகரத்துக் கடக்கியில் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் எங்கள் இருவருக்கும் லேத் வேலை. எங்கள் தமிழ்ச் சங்கம் வருஷாவருஷம் கேரம் போட்டி நடத்தும். யாரோடு யார் ஆடுவது என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். தொடர்ந்து சில வருஷம் மச்சானுக்கு முதல் சுற்றிலேயே பெரிய ஆட்டக்காரர்கள் மாட்டினார்கள். “சீட்ட மடிக்கிறதுலயே வேலை நடக்குது” என்று சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. “இந்த வாட்டியும் இதே கதைன்னா நாங்க வேற போட்டி வெச்சிக்கிறோம்” என்று அறிவித்துவிட்டார். எங்களிடம் இருந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் அவர் பக்கம். அவர்கள் போனால் போட்டியே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் சில தமிழ்ப் பிள்ளைகள், சும்மா ஆசைக்காக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் இலவசமாகப் புரோகிராம் எழுதச் சொல்லித் தருவதாகக் கோயில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எனக்கும் ஆசைதான், வேறு காரணம் இல்லை. வீட்டில் சொன்னபோது மனைவி, “லேத்து சுத்துறது போதலியா, தலையும் சுத்தணுமா?” என்றாள். நல்ல கேள்விதான். ஆனாலும் போனேன்.

எனக்கு வாய்த்த டீச்சர் கோயம்புத்தூர்ப் பெண். என்னை விட ரொம்பச் சின்னவள். என்னை ‘அண்ணா’ என்பாள். அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: கற்றுக்கொள்கிறவரின் கீபோர்டைத் தொடக் கூடாது. இவளுக்கோ கை பரபரக்கும். அதனால் இரண்டு கையையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டுதான் என் பக்கத்தில் நிற்பாள். நான் முட்டிக்கொண்டு திணறினால், “மேலிருந்து ஒவ்வொரு வரியா சத்தமா படிங்ணா” என்பாள். அவ்வளவுதான் உதவி. அவள் சொன்ன ஒன்றை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்: “நீங்க சொன்னத அது கேக்குமுங்ணா. நீங்க நெனச்சது அதுக்குத் தெரியாதுங்.”

அங்கே பெயர்களைக் கலைத்துப் போடும் வித்தையைக் கற்றதும் எனக்குப் பளிச்சென்றது. டப்பா வேண்டாம், மடிக்கச் சீட்டு வேண்டாம். பெயர்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கலைத்து ஜோடி சேர்த்துவிடும். சங்கத்தில் பேசிச் சம்மதம் வாங்கினேன். எழுதியும் முடித்தேன். முடித்து வந்த லட்சணம்தான் இது.

“வாங்கடா போலாம்” என்று மச்சான் எழுந்தார். அவர் ஆட்களும் எழுந்தார்கள்.

“மச்சான், ஒரு அஞ்சு நிமிஷம். குந்துங்க” என்றேன். டீச்சருக்குப் போன் போட்டேன். கம்பெனி வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஒரே ஹாரன் சத்தம். நடந்ததைச் சொன்னேன்.

“சரிங்ணா. மேலிருந்து படிங்.”

“இங்கயா? எல்லாரும் இருக்காங்கம்மா.”

“இருக்கட்டுமுங். எங்க வண்டியும் வாக்கட் பாலத்துகிட்ட நின்னுட்டுதான் இருக்குது. படிங்.”

படித்தேன். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். ஹால் முழுக்கக் கேட்டது. “இது ஆட்டக்காரங்க பேரு… அடுத்து, கலைக்க ஆரம்பிக்கிற நம்பர்…” நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

போனில் ஹாரன் மட்டும் கேட்டது.

வகுப்பில் எல்லோர் திரையிலும் ஒரே விடை வந்தால்தான் சரிபார்க்க முடியும் என்று, கலைக்கும் முன் ஒரே எண்ணை எல்லோரையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆரம்பம் ஒன்றானால் கலைப்பும் ஒன்றாகவே வரும். அந்த வகுப்பு வரியை அப்படியே இங்கேயும் வைத்திருக்கிறேன்! ஆயிரம் தரம் ஓட்டினாலும் இதே ஜோடிதான்.

“புடிச்சிட்டேம்மா!”

“நானொண்ணும் சொல்லலீங்ணா” என்று சிரித்தாள். வண்டியில் யாரோ கை தட்டிய மாதிரி இருந்தது.

வரியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எல்லோருக்கும் விளக்கினேன். மச்சானையே கூப்பிட்டு, “நீங்களே தட்டுங்க, நான் கைய வெக்கல” என்று சொல்லி, துப்பட்டா இல்லாத குறைக்குக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் என்ட்டர் பொத்தானைத் தட்டினார். புது ஜோடிகள். மறுபடி தட்டினார். வேறு ஜோடிகள். “அரே வா!” என்றது கூட்டம். தட்டத் தட்ட மாறிக்கொண்டே இருந்தது. முன்பு ‘செட்டிங்’ என்று கத்திய குரலே, “பக்கா ஹை, பாய்!” என்றது. லேத்தில் என் முதல் வேலை அளவுக்குச் சரியாக வந்த நாளில்கூட என் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

“ஒத்திகை போதும். இப்ப தட்டுறதுதான் நெசம்” என்றார் சங்கச் செயலாளர். “ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன்” என்றார் மச்சான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டினார்.

அவர் பெயர் வந்தது. எதிரே சாம்பியன்.

சாம்பியன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மச்சானின் ஆட்கள் மச்சான் முகத்தையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன், கையை இன்னும் முதுகிலிருந்து எடுக்கவில்லை.

மச்சான் திரையை ஒரு தரம் படித்தார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். போர்டுக்குப் போய்ப் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்தார். காய்களை அடுக்கி, நடுவில் சிவப்பை வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து நாற்காலியைச் சாம்பியனுக்காக இழுத்துப் போட்டார்.