மூன்று விளக்குகளும் ஒரு தொலைபேசியும்

பிள்ளையள், நீங்கள் கணினியில் விளையாடும்போது அப்பா ஏன் எழும்பி வெளியே போகிறார் என்று கேட்டீர்கள். எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சண்டை தொடங்கியபோது உங்கள் அம்மா சம்பூரில் தன் தாய்வீட்டில் இருந்தா. மூத்தவன் வயிற்றில் ஏழு மாதம். பாதை மூடிவிட்டது. கதைக்கத் தொடங்கினால் லைன் அறுந்துவிடும். ஆகவே நாங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். தினமும் நாலு மணிக்கு, எங்கள் ஊரான சல்லியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு அம்மா கோல் எடுப்பா. ஒருமுறை அடித்து நின்றால் இன்னும் சம்பூரில்தான். இரண்டுமுறை என்றால் வெருகல் ஆற்றைக் கடந்து தப்பியாயிற்று.

மூன்று நாளாக ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணை, போனைப் பாத்தே உருக்கிப்போடுவீங்கள் போல. இந்தக் கொம்பியூட்டரில இருந்து விளையாடுங்கோ," என்றார் கடைக்காரர்.

"எனக்கு உது ஏலாது தம்பி."

"கிழிஞ்ச மீன்வலை பொத்துற ஆளுக்கு மூண்டு விளக்கு ஏலாதோ?"

திரையில் மூன்று விளக்குகள், ஒவ்வொன்றும் தன்பாட்டில் பற்றி அணைந்தன. மூன்றும் ஒன்றாகப் பற்றும் நொடியில் அழுத்தினால் கதவு திறக்கும். மூன்றையும் பார்க்கப் பார்க்கத் தவறியது. பிறகு மெதுவானதை மட்டும் பார்த்தேன். அது ஒவ்வோர் ஆறாம் முறை பற்றும்போதும் மற்ற இரண்டும் வந்து சேர்ந்தன. எண்ணத் தொடங்கினேன். மூன்று, நாலு. தொலைபேசி அடித்தது. ஐந்து, ஆறு. அழுத்தினேன்.

கதவு திறந்தது. தொலைபேசி நின்றிருந்தது.

"எத்தினை தரம் அடிச்சது?"

கடைக்காரரின் முகம் மாறியது. "நானும் உங்கட விளக்கைத்தானே அண்ணை பாத்துக்கொண்டு நிண்டனான்."

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மறுநாள் கணினிக்கு முதுகைக் காட்டி இருந்தேன். நாலு மணிக்கு அடித்தது. நின்றது என்று நினைத்தேன். மீண்டும் ஒருமுறை அடித்தது. பிறகு இல்லை.

"ரெண்டு! அண்ணை, ரெண்டு!" என்று கடைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஓம்," என்றேன். சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா போன நாளிலிருந்து அவவின் சட்டை ஒன்று கொடியில் தொங்கியது. நான் அதைத் தொட்டதே இல்லை. எடுத்து உதறினேன். மடித்தேன். கோணலாக வந்தது. விரித்து, கதிரையில் வைத்து, மறுபடி மடித்து, அவ வந்து எடுக்கட்டும் என்று அலுமாரிக்குள் வைத்தேன்.