மாப்பிள்ளை எந்த வண்டியில் வந்தார்

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது சீமை வண்டியா, நம் நாட்டு வண்டியா? இந்தக் கேள்விக்குப் பிறந்த வீட்டில் ஒரு பதில் உண்டு, புகுந்த வீட்டில் ஒரு பதில் உண்டு. இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அறுபதுகள் முடிகிற சமயம். காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்க, சொல்லிக்கொள்கிற மாதிரி இரண்டே கார்கள்தான் இருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டும் அருகருகே நிற்கும். ஒன்று வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. கூரையை மடக்கிவிட்டால் மாப்பிள்ளையை ஊரே பார்க்கலாம். இன்னொன்று நம் நாட்டுக் கம்பெனி செய்தது, கறுப்பு நிறம், கூரை போட்டது. புதிதாக ஒரு நாட்டு வண்டி வாங்க வேண்டுமானால் பேரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு வண்டியைப் புதிதாக இறக்கவோ சர்க்கார் விடுவதில்லை. அதனால் இந்த இரண்டு வண்டிக்காரர்களுக்கும்தான் போட்டி. "இது சீமை இரும்புபா, லாரி இடிச்சாலும் நசுங்காது" என்பார் ஒருவர். "ஒரு போல்ட்டு போச்சுன்னா கப்பலுக்குக் காத்துக்கினு இருக்கணும். என் வண்டி சாமான் மெட்ராஸ்லயே கிடைக்குது" என்பார் மற்றவர்.

மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலத் தறிக்காரர்கள். "வேற எதுவும் வாணாம் சம்பந்தி. அழைப்பு மட்டும் சீமை வண்டியில இருக்கணும்" என்று என் வருங்கால மாமனார் கேட்டார். நான் நயினா என்று கூப்பிடும் என் அப்பா, கையில் அடித்துச் சத்தியமே செய்துவிட்டார்.

நெய்கிறவர்கள் கையில் ஒரு சேலையைக் கொடுத்தால் முதல் வேலையாகப் பின்பக்கம் திருப்புவார்கள். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளவென்று காட்டிவிடலாம். பின்பக்கம் நூல் ஓடுகிற விதத்தைப் பார்த்து, எந்தத் தெருத் தறியில் நெய்தது என்றே நயினா சொல்லிவிடுவார். அதே பழக்கத்தில்தான் வண்டி பார்க்கவும் போனார். துண்டை விரித்து, கையில் டார்ச்சோடு, இரண்டு வண்டிகளுக்கும் அடியில் மாறி மாறி மல்லாந்து படுத்தாராம். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்திருக்கிறது. எங்கள் மானம் அன்றைக்கே பாதி போயிற்று.

சீமை வண்டியின் அடியில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. டின்னில் இருந்த தமிழ் எழுத்து தலைகீழாகத் தெரிந்ததாம். வண்டியைத் தாங்குகிற வில்பட்டை எங்கள் ஊர்க் கொல்லர் அடித்தது. இன்ஜினும் அதனுடையது இல்லை, எப்போதோ மாற்றிய உள்நாட்டு இன்ஜின். நாட்டு வண்டிக்கு அடியில் போனால், தொட்ட சாமானில் எல்லாம் சீமையின் பேர் இங்கிலீஷில் இருந்தது. "சாமான் பாதி அங்கருந்து வருதுபா. இங்க கோக்கறாங்க. மாடலே சீமைக்காரனுதுதான்" என்று அந்த டிரைவரே சொல்லியிருக்கிறார்.

நயினா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "சீமை வண்டின்னு சொல்லிக்கினு இருக்கானே, அது சுத்தமா நம்மூரு வண்டி. நாட்டு வண்டின்றானே, அதுதான் அசல் சீமை. அதையே பேசிட்டு வந்துட்டேன்."

"பாக்கறவங்க யாருன்னா அடியில படுத்தா பாக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

"அவரும் தறிக்காரர்தானே. பாப்பாரு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் வண்டியைப் பற்றித்தான் கவலை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் கால்விரல்களை மட்டும் பார்த்த என்னை, உனக்கு இஷ்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாமல் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு அன்று சாயங்காலம். கல்யாணச் சத்திரத்துக்கு எதிரிலேயே பிள்ளையார் கோயில். அங்கே மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றி, மேளத்தோடு நாலு தெரு சுற்றிச் சத்திரத்துக்கு அழைத்து வர வேண்டும். நான் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேளம் நின்றது.

கீழே நாட்டு வண்டி மாலையும் சரிகையுமாக நின்றது. மாமனார் அதைக் காட்டி, "இதுவா சீமை வண்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நயினா டார்ச்சை நீட்டினார். "மேல பாக்காதீங்க சம்பந்தி. திருப்பிப் பாருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பார்க்காமல் போக ஒரு தறிக்காரரால் முடியுமா? புதுப் பட்டு வேட்டியோடு மாமனார் தெருவில் படுத்தார். நயினாவும் பக்கத்தில் படுத்தார். வண்டிக்கு வெளியே நான்கு கால்கள்தான் தெரிந்தன. அடியிலிருந்து பேச்சு மட்டும் வந்தது.

"சாமான் சீமைதான். ஒத்துக்கறேன். கோத்தது யாரு? பட்டு எங்கருந்து வந்தா என்னா, நம்ம தறியில நெய்ஞ்சா நம்ம சேலைதானே?" இது மாமனார் குரல்.

"அப்ப அந்த வண்டி? அதுல எது சீமை?"

"அது பொறந்தது சீமை. ஒட்டுப் போட்டா சேலை வேற ஆயிடுமா?"

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் வேதனை. சித்தி கீழே ஓடிப்போய் வந்து "கல்யாணம் நின்னுடும்போலக்குதுமா" என்றாள். மறுபடியும் போய் வந்து "நிக்காதாம், அந்த வண்டிய இட்டாரப் போயிருக்காங்க" என்றாள்.

சீமை வண்டி வந்தது. கூரையை மடக்கி மாப்பிள்ளையை அதில் உட்காரவைத்தார்கள். மேளம் தொடங்கியது. வண்டி கிளம்பவில்லை. இருமியது, குலுங்கியது, அடங்கிவிட்டது.

"இன்ஜினு நம்மூருதுன்னு நான்தான் சொன்னேனே" என்றார் நயினா. அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. மகனைப் பார்த்து, "எறங்குடா. வூட்டுக்குப் போலாம்" என்றார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் நிற்கப் போகிறதே என்று அழுதேனா, நிற்காமல் போய்விடுமோ என்று அழுதேனா, சத்தியமாகத் தெரியாது. மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். நானும் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் அப்பாவைப் பார்த்து, "நான் எறங்கமாட்டேன்" என்றார்.

மாமனார் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். நாட்டு வண்டி டிரைவர், தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற கயிறு ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி இரண்டு வண்டிகளையும் பிணைத்தார். முன்னால் நாட்டு வண்டி இழுத்தது, பின்னால் சீமை வண்டியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அப்படியே நாலு தெருவும் சுற்றி வந்தார்கள். சீமை வண்டியில்தான் என் பிள்ளை வந்தான் என்று மாமனார் கடைசிவரை சொன்னார். இழுத்து வந்தது எது என்று கேளுங்கள் என்று நயினாவும் கடைசிவரை சொன்னார்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சாப்பாடு போடும்போது, "நீங்க எந்த வண்டியில வந்தீங்கன்னு நெனச்சுக்கினு இருக்கீங்க?" என்று அவரையே கேட்டேன்.

"யாரு வண்டியப் பாத்தது?" என்றார். "எனக்கும் அன்னிக்கு எறங்கிப் போயிடலாம்னுதான் இருந்தது. மேல பாத்தேன். நீ சிரிச்சுக்கினு நின்ன. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒக்காந்தேன்."

குழம்புக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.