தூணருகே ஒரு விரல் தடம்

1989 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. அருங்காட்சியகத்தின் தூண்களையும் மரக்கூரையையும் அது கட்டப்பட்ட காலத்திலேயே படம்பிடித்த ஆறு கண்ணாடி நெகட்டிவ்களை, நூலொன்றுக்காகப் பிரதியெடுக்க ஆவடி ஸ்டூடியோவில் கொடுத்தேன். அருங்காட்சியகத்துக்காக அவற்றைப் பட்டியலிட்ட என் மனைவி இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

ஸ்டூடியோக்காரர் ஒல்லியானவர், காதில் எப்போதும் படத்தின் குறைகளை மறைக்கும் ஒரு ரீடச்சிங் பென்சில். பக்கத்துச் சேக்காட்டில் அவர் எடுத்த கல்யாணப் படங்களில் ஒருவருக்கும் அம்மைத் தழும்பு இராது. கேளாமலேயே அழித்துவிடுவார். அன்று மட்டும் கேட்டார்.

"சார், இந்தத் தூணாண்ட ஒரு வெரல் ரேகை கீது. தொடச்சிடவா?"

அந்தக் கண்ணாடித் தகடுகளை வெறுங்கையால் எடுத்தவள் என் மனைவி ஒருத்திதான்.

"துடைச்சிடுங்க. புத்தகத்துக்குப் போறது."

"எப்பவும் உங்க கூட வர்ற அம்மா வர்லியா சார்?"

"காலமாயிட்டாங்க."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுவாரம் பிரதியில் தூண் மாசற்றிருந்தது. தகட்டிலோ தடம் அப்படியே இருந்தது.

"பேப்பர்லதான் சரி பண்ணேன். கண்ணாடில கை வெக்கல. உன் பேச்ச கேக்கலன்னு கோச்சிக்காத சார்."

நான் தலையசைத்துவிட்டு வந்தேன். அந்த விரல் யாருடையதென்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இன்னும் செய்யாதவை:
அவர் பெயரைக் கேட்பது.
நன்றி சொல்வது.
அந்த ஒரு தகட்டை அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது.