போன் விட்டுப் போன் பாய்தல்

ஒரு போனில் இருப்பதை இன்னொரு போனுக்கு மாற்றிக் கொடுப்பது, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கிற தொழில் மாதிரி: கட்டிலும் அலுமாரியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும், காணாமல் போன கரண்டிக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

முப்பது வருடம் அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் சிந்தும் என்பது எனக்குப் பழகிப்போன துக்கம். அதனால்தானோ என்னவோ, புளியந்தீவில் போன் கடை வைத்திருக்கும் என் தங்கை மகள் சுமதி, "பெரியம்மா, வீட்டில சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிற நேரத்துக்கு இஞ்ச வந்து போனைப் பாருங்க" என்று கடையின் ஒரு மூலை மேசையை எனக்குத் தந்தாள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஆட்களைக் குடியேற்றும் மேசை அது. நரைத்த தலையில் கண்ணாடி இருந்தால் எங்கள் ஊரில் டீச்சர்தான். ஒருநாளும் படிப்பித்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன் மாற்றி அவதிப்பட்டவர்களே, அடுத்த மாதம் அவதிப்படப் போகிறவர்களே, உங்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன்.

பெட்டி இல்லாத ஐபோன்

காத்தான்குடியிலிருந்து றமீசா வந்தாள். நாற்பது வயதிருக்கும். மேசையில் இரண்டு போன்களை வைத்தாள். ஒன்று பழைய ஆண்ட்ராய்டு. திரையில் பச்சைக் கோடு, சார்ஜ் வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் உயிர். மற்றது அவள் கணவர் நௌசாத் கட்டாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய ஐபோன். "போட்டோ போனாலும் பரவாயில்ல டீச்சர். வாட்ஸ்அப்ல அவர்ட வொய்ஸ் எல்லாம் வரணும், ஒண்டும் விடாம" என்றாள். காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மகளுக்கு வீடு கட்டவென்று நௌசாத் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கூரை வேலை முடிந்த உடனே வந்துவிடுவேன், பிறகு போகமாட்டேன் என்று ஏதோவொரு நோன்பு மாதத்தில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். கூரை வேலை முடிந்து எட்டு மாதம். இப்போது கேட்டால், "நான் எப்ப அப்பிடிச் சொன்ன?" என்கிறாராம். எந்த வருடத்து நோன்பு என்று றமீசாவுக்கு நினைவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குள் அது கிடக்கிறது. தேடத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் பழைய போன் அணைந்துவிடுகிறது. அது செத்தால் சாட்சியும் செத்தது.

ஐபோனைத் திறந்து பார்த்தேன். அமைப்புகளின் தலைப்பில் "அன்சார்" என்று பெயர். கொண்டுவருகிறவர்களின் வழக்கம் இது: விமான நிலையத்தில் புதுச் சாமான் என்று கேள்வி வரக்கூடாதென்று பெட்டியை எறிந்துவிட்டு, தங்கள் பெயரிலேயே போனைத் திறந்து, சொந்தப் போன் மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் ஆண்ட்ராய்டில் இருக்கும் பழைய வாட்ஸ்அப் பேச்சுகளை ஏற்ற வேண்டுமென்றால் ஐபோன் அப்போதுதான் பிறந்த பிள்ளை போல் இருக்க வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு அன்சாரின் பாஸ்வேர்ட் வேண்டும். அன்சாரோ, றமீசா அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று சொல்லும் அந்த ஆள், ஏறாவூரில், விடுமுறையில். இதையெல்லாம் விளக்கியதும் றமீசா ஐபோனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "என்ட புருசன் வெளிநாட்டுல, அன்சார் காக்கா என்ட போனுக்குள்ள. நல்ல குடும்பம் டீச்சர்."

பின்னுக்குப் போகும் பொத்தான்

அன்சார் வருவதற்கு ஒரு கிழமை ஆகும் என்றார்கள். அந்தக் கிழமை தங்கராசாவோடு போனது. அவர் வாவியில் வலை போடுகிறவர். இலண்டனில் இருக்கும் மகன் அனுப்பிய ஐபோனுக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்து, கையசைத்து அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாள் ஐபோனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். மேசையில் வைத்ததும் கடை முழுக்க இறால் வாசம். பழைய போனில் கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன, அதில் ஒன்று பின்னுக்குப் போகும், இதில் அது எங்கே என்று கேட்டார்.

பொத்தான் இல்லை, இடது கரையிலிருந்து விரலை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும் என்று காட்டினேன். நான் இழுத்தால் போனது. அவர் இழுத்தால் போகவில்லை. வருடக்கணக்காக வலைக்கயிறு தேய்த்த விரலைத் திரை ஒரு மனித விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு தரம் இழுத்தார். ஏழாவது தரம் அது பின்னுக்குப் போகாமல் இலண்டனில் தூங்கிக்கொண்டிருந்த மகனுக்கு அழைப்பாகப் போனது. மகனிடம் "ஒண்டுமில்ல மகன், படு" என்று சொல்லிவிட்டு, போனை என் பக்கம் தள்ளினார்: "என்ட தோணியில நான் கிறுகாம, திரும்பிப் பாக்காமலே பின்னுக்கு வருவன். மரத்தால செஞ்ச சாமானுக்கு விளங்குறது இதுக்கு விளங்கல்லியே, பிள்ள. பழையதுக்கே மாத்தித் தாங்க."

அழுத ஆள்

பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கும் நிரோஷாவுக்கு ஐபோன் ஒரு தொழில் தேவை. வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்களைப் போனுக்குப் போன் காற்றிலேயே அனுப்புகிறார்களாம், ஆண்ட்ராய்டோடு பக்கத்தில் நின்றால் ஒன்றும் விழுவதில்லையாம். பாவித்த ஐபோன் ஒன்று வாங்கி வந்தாள். மாற்றியபோது அவளுடைய தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் இரண்டு இரண்டாக வந்து சேர்ந்தன. எதை வைப்பது, எதை அழிப்பது என்று நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவள் பதில் சொன்னாள். பதிந்திருந்தவை ஆட்களின் பெயர்கள் இல்லை, விருந்தாளிகளின் அடையாளங்கள். "ஜெர்மன் முட்டை வேணாம்." "நாய்க்குப் பயம்." "செருப்புத் துலைச்ச தாத்தா." எனக்குத் தெரிந்த எந்தப் பதிவேட்டிலும் மனிதர்களை இவ்வளவு சரியாக எழுதியிருக்கவில்லை. "அழுத ஆள் பன்னிரண்டு" என்று ஒரு பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, யார் இவர் என்று கேட்டேன். நிரோஷா கொட்டாவி விட்டபடி சொன்னாள்: "பன்னிரண்டாம் ரூம் டீச்சர். மூண்டு நாளாக் கடலைப் பாத்து அழுதார். ஏனெண்டு கேட்டன், ஏசி நல்லா வேலை செய்யுது எண்டார்."

அன்சாரின் பாஸ்வேர்ட்

அன்சார் வந்தார். பின்னால் அவருடைய மனைவி சரீனா. இருவரும் கல்யாண வீடொன்றுக்குப் போகிற வழி. றமீசா விடியவே வந்து என் மேசைக்கு முன்னால் குந்தியிருந்தாள். அன்சாருக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. விமானம் ஏறும் அவசரத்தில் வைத்ததாம். பிழையாகப் பல தரம் போட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை நாள் மினக்கெட வேண்டுமோ தெரியாது என்று எச்சரித்தேன். பழைய போன் அன்று காலையிலிருந்து சரித்துப் பிடித்தாலும் சார்ஜ் ஏற மறுத்து, மறுத்து, ஏறிக்கொண்டிருந்தது.

மூத்த மகளின் பெயரைப் போட்டார். இல்லை. சின்னவளின் பெயர். இல்லை. உம்மாவின் பெயர். அதுவும் இல்லை. சரீனா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தன் முறை வருகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றாள். அன்சார் நெற்றியைத் துடைத்தார். திடீரென்று எழுந்து வெளியே போய், நிறுத்தியிருந்த தன் மோட்டார் சைக்கிளை முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அதன் பெயரையும் இலக்கத் தகட்டையும் சேர்த்து அடித்தார். திறந்தது. இரண்டு நிமிடத்தில் அன்சார் முழுவதாக அழிந்து, ஐபோன் யாருமற்ற வெள்ளைத் திரையோடு எழுந்தது. றமீசா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். சரீனா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பதினேழு வருசம் டீச்சர். நானும் ஒரு ரெண்டு சில்லு பூட்டிக்கிட்டு நிண்டிரிக்கணும்."

தொடாதே

ஏற்றத் தொடங்கினேன். ஒன்றரை மணித்தியாலம் என்று காட்டியது. இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், திரையை விட்டு வேறெங்கும் போகக்கூடாது. பழைய போனின் வயரை நான் சரித்துப் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப்போனால் றமீசா பிடித்தாள். நோயாளியின் சேலைன் போத்தலைப் பிடிப்பது போல் மாறி மாறிப் பிடித்தோம். முக்கால்வாசி ஏறியபோது பழைய போன் அலறியது. நௌசாத். வாட்ஸ்அப் ஏற்றத்தில் இருந்ததால் அவர் நேரடி அழைப்பே, காசு போகிற சிம் அழைப்பே, எடுத்துவிட்டார். சிம் வேலை செய்யாதபடி செய்துவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்; மறந்தது என் பிழை.

"ஆரும் செத்து மையத்து விழுந்தாத்தான் டீச்சர் அவர் நேர்க் கோல் எடுப்பார்" என்று றமீசா கையை நீட்டினாள். எடுத்தால் திரை மாறும், திரை மாறினால் எல்லாம் நடுவில் அறுந்துவிடலாம், இந்தப் போனுக்கு இன்னொரு தரம் ஏற்றும் உயிர் இல்லை என்றேன். சுமதி தன் போனைக் கொண்டு ஓடி வந்து, அங்கே ஒரு ஆபத்தும் இல்லையா என்று நௌசாத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டாள். ஆபத்து இல்லை, வாட்ஸ்அப்பில் காணவில்லையே என்றுதான் எடுத்தாராம். இருந்தும் அவருக்குப் பொறுமை இல்லை: அழைப்பு இரண்டாம் தரம் வந்தது. மூன்றாம் தரம் வந்தது. றமீசா நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். போன் அடித்து ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "பதினொரு வருசமா நான் காத்துக்கிட்டு இரிந்த. இண்டைக்கி அவர் ஒள்ளுப்பம் நேரம் காத்துக்கிட்டு இரிக்கட்டும்."

கூரை

எல்லாம் வந்து சேர்ந்தன. இனித் தேட வேண்டும். வீட்டில் மாமியும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று றமீசா மூன்று பகல்கள் என் மேசையிலேயே குந்தியிருந்து கேட்டாள். இயர்போன் மாட்டி அவள் காது வலித்தபோது ஒரு பக்கத்தைக் கழற்றி எனக்குத் தந்தாள். ஒரு குடும்பம் முழுவதையும் அப்படிக் கேட்டேன். "மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" "மணல் லொறி வந்துச்சா?" "மீன் வாங்கினியா, என்ன மீன்?" அதே மீனை மூன்று நாள் விசாரிக்கிறார். ஒரு பதிவில் பேச்சே இல்லை. ஏசி இரைகிறது, யாரோ மூச்சு விடுகிறார்கள், பன்னிரண்டு வினாடி. பொத்தானில் விரல் பட்டிருக்கும் என்றாள் றமீசா. விரல் பட்டால் மூச்சு அப்படி நின்று நின்று வராது.

மூன்றாம் நாள் அது கிடைத்தது. பின்னால் பாத்திரச் சத்தம், நோன்பு திறக்கிற நேரம். "வல்லாஹி புள்ள, கூரை வேல முடிஞ்ச உடன வந்துருவன். மறுகா போகமாட்டன். எனக்கும் ஏலாதுகா." றமீசா ஒரு சொல்லும் எழுதாமல் அதை அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்பினாள். அவர் கேட்டுவிட்டார் என்று ஒலிவாங்கி அடையாளம் நீலமானது. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. சுமதி கொண்டுவந்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது.

பிறகு ஒரு பதிவு வந்தது. றமீசா ஒலிபெருக்கியில் போட்டாள். நௌசாத் முதலில் செருமினார். "அந்த நௌசாத் நல்ல மனுசன் புள்ள, அவன் பொய் சொல்லமாட்டான். வாற மாசத்துக்கு டிக்கட் பாக்கிறன்." சுமதி கை தட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். றமீசா மட்டும் சிரிக்கவில்லை. அதை இன்னொரு தரம் கடைசிவரை கேட்டாள், பிறகு ஐபோனை என்னிடம் நீட்டினாள்: "இதையும் எங்கயாவது பத்திரமா ஏத்தி வைங்க டீச்சர். அடுத்த போன் மாத்தக்குள்ள தேவப்படும்."

பதினொரு வருடத்தை ஒன்றரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்க்கிற தொழில்தான் எங்களுடையது; ஆளைக் கொண்டுவருவதற்குரிய வயர் மட்டும் இன்னும் எங்கள் கடைக்கு வந்து சேரவில்லை.