அக்கா கடித்துப் பார்த்த நெல்

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள படத்தை வெட்டித்தான் போட்டிருக்கிறோம். முழுப் படத்தில் அக்காவின் வலது கை முழங்கை வரை ஒரு நெல் மூட்டைக்குள் இருக்கிறது. கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் அக்காவை எடுத்த படம் எதைப் பார்த்தாலும் அந்தக் கை ஏதாவது ஒரு சாக்குக்குள்தான் இருக்கிறது. "ஒரு கையைக் காணமேங்க" என்று அச்சகத்தில் கேட்டார்கள். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இதை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குப்பனூர்ச் சங்கத்தாருக்கும் என் வணக்கம். உங்களிடம் அந்தக் கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் அக்கா நாகலூரில், எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். எனக்கு எட்டு வயது மூத்தவர் என்பதால் என்னை வளர்த்ததில் பாதி அக்காதான். கன்னியர் பள்ளியில் பத்தாவது வரை படித்தார். குப்பனூரில் இரண்டரை ஏக்கர் நெல் வயல் வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது, மலைமேல் பிறந்த பெண்ணுக்குச் சேற்றில் கால் வைக்கத் தெரியுமா என்று அங்கே எல்லாரும் சிரித்தார்களாம். இரண்டு போகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா காய்ச்சலில் இறந்தபோது அவர்கள் மகள் ஸ்டெல்லாவுக்கு நான்கு வயது. நான் அப்போதுதான் நாகலூர் எஸ்டேட்டில் வருகைக் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே வந்துவிடுங்கள் என்று அழைத்தேன்.

"வயலை என்ன பண்றது கண்ணு? மடிச்சுப் பையில வெச்சுட்டு வந்துரட்டுமா?" என்றார் அக்கா.

அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் தனியாக நெல் விளைவித்தார். விளைச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் ஒன்றும் நின்றதில்லை. இரண்டரை ஏக்கருக்காக அறுவடை மெஷின் மலையடிவாரம் வரை வராது. வந்தால் அவர்கள் கேட்டதுதான் வாடகை. உரத்தைக் கடையில் இரண்டு மூட்டை மூன்று மூட்டை என்று வாங்கினால் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். களத்துக்கே வருகிற வியாபாரி சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்த்து, "மேகம் எறங்கற மாதிரி இருக்குதுங்களே" என்பார். அவ்வளவுதான், நெல் விலையும் இறங்கிவிடும். நெல்லை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் அன்றைக்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதை மாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் பக்கத்து வயல் செங்கோடன் அண்ணன். ஓடையை ஒட்டி ஒன்றேகால் ஏக்கர் வைத்திருந்தவர், அக்காவை விட மூத்தவர். "தனித்தனியா வித்தா அவன் வெலைங்க அம்மிணி, சேந்து வித்தா நம்ம வெலைங்க" என்று அவர் சொன்னதை அக்கா வீடு வீடாகக் கொண்டுபோனார். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தன. கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. பூட்டிக்கிடந்த ஒரு பழைய குடோன் வாடகைக்குக் கிடைத்தது.

அதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு வயலுக்கும் வரிசையாக வேலை இருந்ததால் மெஷின்காரர் தானாகவே போன் செய்து வந்தார். உரம் லாரியில் மொத்தமாக வந்து இறங்கியது. நெல், வியாபாரியிடம் போகாமல் நேராகச் சேலத்து அரிசி ஆலைக்குப் போனது. முதல் ஆண்டு செலவு போக ஏதோ மிஞ்சியது. இரண்டாம் ஆண்டு அக்கா வீட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டார். மூன்றாம் ஆண்டு ஸ்டெல்லா சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். நிலம் அதேதான், மழையும் அதேதான். சேர்ந்து விற்றதில் மட்டுமே இவ்வளவும் நடந்தது.

சங்கத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டையும் ஏற்படுத்தியவர் அக்கா. மூட்டைகளில் யாரும் பெயர் எழுதக்கூடாது. என் நெல் உன் நெல் என்று பேச்சு வந்தால் சங்கம் பிரிந்துவிடும் என்பார். இரண்டாவது, நெல் காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்ப்பதில் உள்ளது. காய்ந்த நெல் பல்லுக்குள் டக்கென்று உடையும், ஈர நெல் நசுங்கும். தன் நெல்லைத் தானே கடித்துப் பார்த்துச் சரி சொல்லக்கூடாது, இன்னொருவர்தான் கடித்துச் சொல்ல வேண்டும். ஈர நெல்லைக் கொண்டுவந்து சேர்த்தவர் சங்கத்தை விட்டுப் போக வேண்டும். ஒருவருடைய ஈரம் பன்னிரண்டு பேர் நெல்லையும் கெடுக்கும் என்பதால் இதில் யாரும் தயவு பார்ப்பதில்லை. பெரும்பாலும் கடித்துப் பார்க்கக் கூப்பிடுவது அக்காவைத்தான். அக்கா பல்லு பொய் சொல்லாது என்பார்கள். அக்காவின் நெல்லைக் கடிக்க வேண்டியவர் செங்கோடன் அண்ணன்.

ஸ்டெல்லா கல்லூரியில் சேர்ந்த அந்த ஆண்டு, தை மாதம் எல்லாருக்கும் மெஷினை விட்டுக்கொடுத்துவிட்டு அக்கா கடைசியாக அறுத்தார். அன்று மதியமே மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. இரண்டு நாள் வெயில் இல்லை. அதற்கு மறுநாள் காலை ஆலை லாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். களத்தில் கடைசியாக இருந்தது அக்காவின் நெல்லும் செங்கோடன் அண்ணனின் நெல்லும்தான். அண்ணன் மூட்டத்துக்கு முன்பே காயவைத்து எடுத்துவிட்டார். அக்கா அதைக் கடித்துப் பார்த்துச் சரி சொல்லி குடோனுக்கு அனுப்பினார். பிறகு அண்ணன் அக்காவின் நெல்லுக்கு வந்தார்.

"காஞ்சிருச்சுங்கண்ணா" என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னார்.

"நீங்க சொன்னாச் செரிதானுங்க அம்மிணி" என்று சொல்லி, குனிந்து ஒரு நெல்லைக்கூட எடுக்காமல், மூட்டை தூக்க அவரே கைகொடுத்தார்.

லாரி மறுநாள் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று இழுத்து ஒரு வாரம் கழித்து வந்தது. குடோன் கதவைத் திறந்ததும் ஒரு புழுங்கல் வாடை அடித்தது. அடுக்கின் நடுவில் கை விட்டால் சுட்டது. அங்கங்கே நெல் முளை விட்டிருந்தது. ஆலையில் உடைத்துப் பார்த்தபோது அரிசி மஞ்சளாக இருந்தது. அந்த ஆண்டு பன்னிரண்டு குடும்பத்துக்கும் லாபம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

சங்கத்தைக் கூட்டினார்கள். மூட்டையில் பெயர் இல்லை. ஓடையோரத்து நெல் எப்போதும் தாமதமாகத்தான் காயும் என்பதால் எல்லாரும் செங்கோடன் அண்ணனைப் பார்த்தார்கள். "ரெண்டு முழு நாளு காய வெச்சேனுங்க. அம்மிணிதான் கடிச்சுப் பாத்துச்சு. கேளுங்க" என்றார் அவர். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா, "செரியா ஞாபகம் இல்லீங்க" என்றார்.

செங்கோடன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. அடுத்த போகத்தில் அவருடைய ஒன்றேகால் ஏக்கருக்கு மெஷின் வரவில்லை. ஆள் வைத்து அறுத்து, பழைய வியாபாரியிடமே போட்டார். மூன்று போகம் தாக்குப்பிடித்தார். பிறகு வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு, குப்பனூர் வழியாக மேலே வரும் முதல் பஸ் பிடித்து எங்கள் எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்கு வந்தார். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் அவருக்குப் பேர் போடுகிறவன் நான்தான்.

அக்கா போனில் பேசும்போதெல்லாம், "செங்கோடண்ணன் வேலைக்கு வர்றாரா கண்ணு? மேட்டுல ஏற உட்டுராதே, காலு வலின்னு சொல்லுவாரு" என்பார். இந்த மலருக்காகக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது, அக்காவின் நற்குணங்கள் என்ற இடத்தில் முதலில் இதைத்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அக்கா யாருடைய நெல்லையும் கடித்துப் பார்க்கவில்லை. பல் வலி என்றார். நான்தான் சேலத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல் நன்றாக இருக்கிறது, எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். அக்கா கேட்கவில்லை. வற்புறுத்திப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நல்ல பல்லை ஒருவர் எதற்காகப் பிடுங்கிக்கொள்வார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அந்த வாடை அவரைப் பிடித்துக்கொண்டது. சோறு கொதிக்கும்போது எழுந்து போய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். கோயிலில் பூசைக்கு நடுவே என் பக்கம் திரும்பி, "உனக்கு ஒரு வாடை வரலையா?" என்பார். கடையில் அரிசிச் சாக்கைக் கண்டால் கை உள்ளே போய்விடும். எஸ்டேட்டுக்கு வந்தால் காப்பிக் களத்தில் வரிசையாக வைத்திருக்கும் மூட்டைகளில் ஒவ்வொன்றாகக் கை விட்டுப் பார்ப்பார். எடுத்த பிறகு அந்தக் கையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார். காப்பிக் கொட்டை சில்லென்றுதான் இருக்கும். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சிறுநீரகம் கெட்டு, சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில், ஒரு நண்பகலில் அக்கா மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துக்கொண்டு, "சூடாவே இருக்குது கண்ணு" என்றார். கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னுது ஈரம்னு தெரிஞ்சேதான் ஏத்துனேன், விடிஞ்சா லாரி வந்துரும்னு. அந்த வருசந்தான் ஸ்டெல்லாவைக் காலேஜ்ல சேத்தியிருந்தேன். சங்கத்தை உட்டு நிறுத்திப்போட்டா மறுபடியும் தனியா நின்னு விக்கோணும். அதுல என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பயந்தான். செங்கோடண்ணன் நெல்லு நொம்ப நல்லாக் காஞ்சிருந்துச்சு. கடிச்ச சத்தம் இன்னும் காதுல கேக்குது."

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன். மன்னிப்புக் குடுத்துட்டு, செங்கோடண்ணங்கிட்டப் போயிச் சொல்லுன்னாரு சாமியாரு. அப்பறம் நான் அந்தக் கோயிலுக்கே போகலை, வேற கோயிலுக்குப் போயிட்டேன்" என்றார். பிறகு, "எனக்கு வாய் வரலை. நீ சொல்லீரு கண்ணு" என்றார். நான்காம் நாள் இறந்தார்.

அடக்கத்துக்குச் செங்கோடன் அண்ணன் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். நான் சொல்லவில்லை. தினமும் பேர் போடும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன், பெயரை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அக்காவை ஐந்து ஆண்டு பிடித்து வைத்திருந்தது என்னையும் பதினொரு மாதம் பிடித்து வைத்திருந்தது. ஒருநாள் காப்பிக் களத்தில் யாரும் பார்க்காதபோது நானும் ஒரு மூட்டைக்குள் கை விட்டேன். அது சுடுவதாகவே தோன்றியது. பயந்துபோனேன்.

மலரில் இதை எழுதப்போகிறேன் என்றதும் ஸ்டெல்லா அழுதாள். "எங்கம்மா பேரை இப்படி அச்சுல போடோணுமுங்களா மாமா? போனவங்க போயிட்டாங்க" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் களத்தோரம் உட்கார்ந்திருந்த செங்கோடன் அண்ணனிடம் போனேன். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க தம்பி" என்றார். "அன்னிக்கு நான் கடிச்சுப் பாக்கலீங்களே. ரெண்டு பேரு நெல்லுதான் கடைசியாப் போச்சு. என்னுது இல்லைன்னா யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? கடிக்காம உட்டது எந் தப்பு. அதனாலதான் மேக்கொண்டு வாயத் தொறக்காம வெளிய வந்தேன். அம்மிணி சொல்லுமுன்னு பாத்துட்டே இருந்தேன்."

வேண்டாமென்றால் அச்சில் போடவில்லை அண்ணா என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்தார். "போடச் சொல்லு கண்ணு. எம்பட பேரைச் சேத்தியே போடச் சொல்லு. சங்கத்துக்காரங்க அத்தனை பேரும் படிக்கோணும்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஸ்டெல்லா, "போடுங்க மாமா" என்றாள்.

அக்காவைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்கத்தை முன்நின்று நடத்திய பங்குத் தந்தைக்கும், பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை கூட நின்ற குப்பனூர், நாகலூர் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தனியாக நின்றிருந்தால் என்றோ விற்றிருக்க வேண்டிய இரண்டரை ஏக்கரைக் காப்பாற்றிக் கொடுத்து, ஸ்டெல்லாவைப் படிக்க வைத்த சங்கத்தாருக்கு நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஓடையோரத்து ஒன்றேகால் ஏக்கர் ஐந்தாவது ஆண்டாகத் தரிசாகக் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

கடைசியாகச் செங்கோடன் அண்ணனுக்கு. நன்றி என்ற சொல் உங்களுக்குப் போதாது, மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்கும் தகுதியும் எனக்கில்லை. அன்று கூட்டத்தில் எல்லாரும் முகத்தைப் பார்த்தபோது எங்கள் அக்கா சொல்லியிருக்க வேண்டியதை மட்டும், அதே ஆட்கள் கையில் இந்த மலர் இருக்கும்போது, அக்காவுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். அக்கா உங்கள் நெல்லைக் கடித்துப் பார்த்தார். அது காய்ந்திருந்தது.