பலா மரத்துக்குக் கட்டிய செருப்பு

எங்கள் கொல்லைப் பலா மரத்தில் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டது அப்பாதான். ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு பலா காய்க்கவில்லை என்றால் அது மரத்தின் திமிர் என்பது எங்கள் ஊர் முடிவு. பழைய செருப்பைக் கட்டினால் ரோஷம் வந்து காய்க்குமாம். வாசலில் கிடந்த வார் அறுந்த செருப்பு ஒன்றை எடுத்துக் கட்டினார். "தைக்குள்ள பிஞ்சு வுடலன்னா ஆசாரிக்குச் சொல்லிட வேண்டியதுதான்" என்று மரத்தின் காதில் விழும்படி சத்தமாகவும் சொன்னார்.

அது சித்தியின் செருப்பு. மறுநாள் காலையில் அவள் அதை அவிழ்த்துக் குப்பைக்குழியில் எறிந்தாள். அறுந்த செருப்புக்குப் போய் இவ்வளவு கோபமா என்று எனக்கு வியப்பு.

எனக்கு எட்டு வயது. சித்தப்பா ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தார். அவருக்கும் சித்திக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான்தான்.

அந்த வாரம் சித்தி பெரம்பலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே நடந்த இயற்கை உரப் பயிற்சியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டோடு திரும்பினாள். பழங்காலத்து சமஸ்கிருத விவசாய நூலில் இருந்ததைத் தமிழில் எழுதியிருந்தார்கள். மரத்துக்கும் வாதம், பித்தம் உண்டாம். மாசமாக இருப்பவர்களுக்கு வருவதுபோல மரத்துக்கும் ஆசை வருமாம். காய்க்க வைக்கக் குணபஜலம் ஊற்ற வேண்டுமாம். பெயர் கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கவே அம்மா பக்தியோடு அண்டாவைக் கொடுத்தாள். செய்முறையைக் கேட்டதும் பிடுங்கிக்கொண்டாள்.

மீன் குடலும் ஆட்டெலும்பும் வேகவைத்த தண்ணீர், அதில் எள்ளுப் பிண்ணாக்கு, ஊறவைத்த உளுந்து, பால், நெய், தேன். எல்லாவற்றையும் மண்பானையில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, பதினைந்து நாள் வெயிலில் வைக்க வேண்டும். ஐயோ, அந்த நாற்றம்! தபால்காரர் தெருமுனையிலேயே நின்று மணியடித்தார். தினமும் அதைக் கிண்டிவிடுவது என் வேலை. கூலி, ஒரு கரண்டி தேன்.

"ஏங்க்கா, இந்தப் பேப்பர்ல எங்கயுமே மரத்தைத் திட்டச் சொல்லலையே" என்று அப்பா காதில் விழும்படி சித்தி அம்மாவிடம் சொன்னாள்.

அந்த மாதம் பக்கத்து வீட்டில் வளைகாப்பு. சித்தி வரவில்லை. பானையைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அதையே பொறுப்பாகச் சொல்லி வைத்தேன்.

பானையில் ஊறியதைச் சித்தி மரத்தடியில் ஊற்றி வந்தாள். மார்கழிக் கடைசியில் அடிமரத்தில் பிஞ்சு எட்டிப் பார்த்தது. சித்தி மரத்தைக் கட்டிக்கொண்டாள். கொல்லைக்கு எல்லோரும் ஓடி வந்தோம்.

"பாத்தியா, ஒரு ராத்திரி செருப்பு தொங்குனதுக்கே ரோஷம் வந்துடுச்சு!" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கும் அந்தப் பேச்சில் பங்கு வேண்டியிருந்தது.

"அப்ப காய்க்காத எல்லாத்துக்கும் செருப்பு கட்டணுமாப்பா?" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருப்பக்கம் போனார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்கென்றே தெரியாமல் ஓவென்று அழுதேன்.

சித்திதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார வைத்தாள். தேன் பாட்டிலைத் திறந்து கரண்டியில் ஊற்றினாள். அவள் பார்வை கொல்லைப் பக்கமே இருந்ததில் பாதித் தேன் என் பாவாடையில் வழிந்தது.

"பாத்து ஊத்து சித்தி" என்று சிணுங்கினேன்.